மதுரைச் சமவெளியில் தொலைக் கண் மருத்துவம்: முகாம் முதல் பார்வை மையம் வரை

முன்னுரை

மருத்துவத்தில் புதிய தொழில்நுட்பம் அறிமுகமாவதற்கும் அது நிலைபெறுவதற்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு. அத்தொலைவு எவ்வாறு கடக்கப்பட்டது என்பதை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

முகாம்களின் எல்லை

அரசுப் பணியில் ஓய்வுபெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் இம்மருத்துவமனையைத் தொடங்கினார். சிற்றூர் முகாம்களின் வழியே கண்புரை நோயாளிகள் கண்டறியப்பட்டு, அறுவைக்காக அழைத்துவரப்பட்டனர். எனினும், கண் குறைபாடு உடையோருள் 7 விழுக்காட்டினருக்கும் குறைவானவர்களே முகாம்களுக்கு வந்தனர் என்பதை 1999-இல் வெளிவந்த ஓர் ஆய்வு புலப்படுத்தியது. மேலும், கண்ணழுத்த நோய்க்கும் நீரிழிவு விழித்திரை நோய்க்கும் தொடர் கண்காணிப்பு இன்றியமையாதது. ஒருநாள் முகாமால் அதனை அளிக்க இயலாது.

மேலூர் இணைய நிலையங்கள்

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் அமெரிக்கக் கல்வி நிறுவனங்களுடன் இணைந்து, 2001-ஆம் ஆண்டளவில் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் ஊரக இணைய நிலையங்களை அமைத்தது. நோயாளியின் கண்ணை வெப்கேம் மூலம் படமெடுத்து அரவிந்த் மருத்துவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பும் முறை அங்கே நடைமுறைக்கு வந்தது. ஆனால் அப்படம் கண்ணின் புறத்தோற்றத்தை மட்டுமே காட்டியது. விழித்திரையை ஆராயவோ கண்ணாடி வழங்கவோ அங்கு வசதியில்லை. வருவாய்க் குறைவாலும் நிறுவன ஆதரவு தொடராமையாலும் அந்நிலையங்களுள் பெரும்பாலானவை சில ஆண்டுகளில் மூடப்பட்டன.

தேனியின் பார்வை மையங்கள்

1996 வரை மதுரை மாவட்டத்தின் பகுதியாயிருந்த தேனியில் வேறொரு முறை உருவாயிற்று. 2004 முதல் நிறுவப்பட்ட பார்வை மையங்களில் அரவிந்தில் பயிற்சி பெற்ற பணியாளர் நோயாளியைக் கருவிகளால் பரிசோதிப்பார்; மருத்துவமனையிலுள்ள மருத்துவர் காணொலி வழியே நோயாளியுடன் உரையாடி முடிவுரைப்பார். கண்ணாடியும் அங்கேயே கிடைத்தது. இப்பணியாளர்களுள் பெரும்பாலோர் சிற்றூர்ப் பெண்கள்.

குறுந்தொலைவுக்கென உருவான வைஃபை நுட்பத்தைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள் நெடுந்தொலைவுக்கு ஏற்ப மாற்றியமைத்து இம்மையங்களை இணைத்தனர். சீரற்ற மின்னோட்டத்தால் கருவிகள் அடிக்கடி பழுதடைந்தன. எனவே, பழுதைக் கண்டறிந்து சீர்செய்யும் திறனை உள்ளூர்ப் பணியாளரிடம் வளர்ப்பது திட்டத்தின் பகுதியாயிற்று.

செயற்கை நுண்ணறிவின் வருகை

நீரிழிவு விழித்திரை நோயைக் கண்டறியக் கூகுள் ஆய்வாளர்கள் உருவாக்கிய முறை 2016-இல் வெளியிடப்பட்டது. அதனைப் பயிற்றுவித்த படங்களுள் அரவிந்த் நோயாளிகளின் விழித்திரைப் படங்களும் அடங்கும். 2019-இல் வெளியான கள ஆய்வில், மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டிய அளவுக்கு நோய் முற்றியவர்களுள் 88.9 விழுக்காட்டினரை அம்முறை அரவிந்தில் சரியாக இனங்கண்டது. அதாவது, அத்தகையோர் நூற்றுவருள் ஏறத்தாழ 11 பேர் தவறவிடப்படக்கூடும். அவர்களின் பார்வை மறுபரிசோதனையையும் தொடர் கண்காணிப்பையுமே நம்பியுள்ளது.

முடிவுரை

மேலூரில் படம் மருத்துவரைச் சென்றடைந்தது. ஆயினும் பரிசோதனையும் சிகிச்சையும் ஊருக்கு வரவில்லை. தேனியில் பயிற்சி பெற்ற பணியாளர், கண்ணாடி, பழுதுநீக்கம், மருத்துவமனையின் பொறுப்பேற்பு ஆகியன ஒருங்கே அமைந்தமையால் இணைப்பு சேவையாக வளர்ந்தது. செயற்கை நுண்ணறிவையும் இவ்வளவுகோலாலேயே மதிப்பிட வேண்டும். நோய் உண்டு என்று கருவி அறிவித்தபின் நோயாளியைச் சிகிச்சை வரை அழைத்துச் செல்பவர் யார் என்பதே அதன் பயனைத் தீர்மானிக்கும் வினா. தம் கண்களின் படங்களால் அக்கருவியைப் பயிற்றுவித்த மக்களுக்கு அதன் பயன் சென்றுசேர்வதும் இவ்வினாவின் விடையைப் பொறுத்ததே ஆகும்.