ஸ்கூட் போகும் கணக்கு: சிறுபந்தய இணைய ரம்மியின் ஆட்ட உத்தியும் அதன் எல்லையும்

1. ஆய்வின் பொருள்

ஆவடி டாங்கித் தொழிற்சாலை, அம்பத்தூர் தொழிற்பேட்டை, பூந்தமல்லி நெடுஞ்சாலைக் கிடங்குகள் ஆகியவற்றை நம்பி வாழும் மேற்குப் புறநகரில் சீட்டாட்டம் என்றாலே பெரும்பாலும் ரம்மிதான். போக்கர் தெரிந்தவர்கள் குறைவு. கைப்பேசிக்கு வந்தபோதும் ரம்மியே முந்திக்கொண்டது. ஷிஃப்ட் முடிந்து மின்ரயிலில் திரும்புகிறவர் புள்ளிக்கு ஐந்து பைசா, பத்து பைசா மேசையில் உட்கார்ந்தார். அந்தச் சிறுபந்தய மேசையில் திறமை எங்கே இருந்தது, அது எவ்வளவு தூரம் செல்லுபடியானது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ரம்மியை வரம்புப் போக்கரோடு ஒப்பிடலாம். வரம்புப் போக்கரில் ஒவ்வொரு சுற்றிலும் பந்தயத் தொகை முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்கும். புள்ளி ரம்மியிலும் இழப்புக்கு வரம்பு உண்டு: சீட்டெடுக்கும் முன்பே விலகும் முதல் ஸ்கூட்டுக்கு 20, நடுவில் விலகும் மிடில் ஸ்கூட்டுக்கு 40, ஆடித் தோற்றால் கையிலிருக்கும் புள்ளிகள், அதிகபட்சம் ஃபுல் 80. வரம்பு இப்படி இறுகிய ஆட்டங்களில் மிரட்டிப் பார்ப்பதால் கிடைப்பது கொஞ்சம். எந்தக் கையை ஆடுவது, எதைக் கீழே வைப்பது என்ற தேர்வில்தான் விஷயமே இருக்கிறது.

2. முதல் முடிவு

ஒரு கையை எடுத்துக்கொள்வோம். இரண்டு கட்டு, அச்சு ஜோக்கர் இரண்டு, ஆக 106 சீட்டு. வெட்டு ஜோக்கர் டைமன் 7, எனவே எல்லா 7-களும் ஜோக்கர். நம் கையில்: ஆர்ட்டின் 5, 6, ராணி, ஸ்பேட் 9, ஜாக்கி, ஏஸ், டைமன் 2, 8, ராஜா, கிளாவர் 3, 10, ராணி, ஜோக்கராகக் கிளாவர் 7. திறந்த சீட்டு இன்னொரு டைமன் ராஜா. அதனால் நமக்குப் பயனில்லை.

ஜோக்கர் வந்ததைப் பார்த்தவுடன் பலருக்குக் கை பரபரக்கும். ஆனால் ஜோக்கர் கலக்காத ஒரிஜினல் ரம்மி ஒன்று சேராதவரை அந்த ஜோக்கரால் ஒரு புள்ளிகூடக் குறையாது. ஒரே சீட்டில் ஒரிஜினல் சேர வேண்டுமானால் ஆர்ட்டின் 4 அல்லது 7, ஸ்பேட் 10, கிளாவர் ஜாக்கி ஆகியவற்றில் ஒன்று வர வேண்டும். அவை ஒவ்வொன்றும் இரண்டு, மொத்தம் எட்டு. கண்ணுக்குத் தெரியாத சீட்டுகள் 91. மூடிய கட்டிலிருந்து ஐந்து முறை எடுத்தாலும் அந்த எட்டில் ஒன்றாவது வரும் வாய்ப்பு நூற்றுக்கு 38 தான். கையிலிருக்கும் புள்ளிகளைக் கூட்டினால் 93. கணக்கில் 80-க்கு மேல் ஏறாது. முதல் சீட்டை எடுத்த மறுகணமே 20 புள்ளியில் வெளியேறும் வழி அடைபட்டு, அடுத்த வழியின் விலை 40 ஆகிவிடுகிறது. இந்தக் கைக்கு ஸ்கூட்தான் சரி.

பொதுவான அளவுகோலும் ஒன்று உண்டு. இருவர் ஆட்டத்தில் தோற்றால் சராசரி 40 புள்ளி போகும், வென்றால் சராசரி 25 வரும் என்று வைத்துக்கொண்டால், வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 31-ஐத் தாண்டும் கையைத்தான் ஆட வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் 20 கொடுத்து விலகுவதே லாபம். சிறுபந்தய மேசையில் பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. பத்து பைசா மேசையில் ஸ்கூட் இரண்டு ரூபாய், ஃபுல் எட்டு ரூபாய். “எட்டு ரூபாதானே, பார்த்துடலாம்” என்ற நினைப்பே அங்கே ஆட்டத்தை நடத்துகிறது.

3. தளர்ந்த மேசையில் ஆடும் முறை

எல்லோரும் எல்லாக் கையையும் ஆடும் மேசையில், ஆறு பேரில் யாரோ ஒருவருக்கு நல்ல கை வந்தே தீரும். ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடும். ஆகவே ஜோடி சேராத ராஜா, ராணியை முதல் இரண்டு சுற்றிலேயே தள்ளிவிட வேண்டும். எதிராளியைத் தூண்டுவதற்காகச் சீட்டு போடுவது வீண், அவர் நம் சீட்டைக் கவனிப்பதே இல்லை. அவர் திறந்த கட்டிலிருந்து என்ன எடுக்கிறார் என்பதை மட்டும் நாம் கவனித்தால் போதும்.

101 பூல் ஆட்டத்தில் கணக்கு இன்னும் கூர்மையானது. 101-ஐத் தொட்டவர் வெளியே. தொடர்ந்து ஐந்து முறை ஸ்கூட் போனாலும் 100-ல் உயிரோடு இருக்கலாம். 80-ல் நிற்பவருக்கு இன்னும் ஒரு ஸ்கூட் மிச்சம். 81-ல் நிற்பவருக்கு அது இல்லை. வருகிற கை எதுவானாலும் ஆடியே ஆக வேண்டும். இந்த ஒரு புள்ளிக்காக, கடைசிச் சுற்றில் தேவையற்ற ஒற்றைச் சீட்டைக்கூடப் பார்த்துக் கழிக்கிறவரே தேர்ந்த ஆட்டக்காரர் என்பேன்.

4. திறமையை விழுங்கும் கழிவு

ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு, இருவர் ஆடும் வரம்புப் போக்கரைக் கணினியால் நடைமுறையில் தீர்த்துவிட்டதாக 2015 ஜனவரியில் ‘சயின்ஸ்’ இதழில் அறிவித்தது. இருவருமே குறையின்றி ஆடினால், சீட்டுப் போடும் இடத்தில் இருப்பவருக்கு ஒரு கைக்குக் கிடைக்கும் அனுகூலம் பெரிய பிளைண்ட் எனும் கட்டாயப் பந்தயத்தில் சுமார் 0.088 பங்கு. இது இருக்கையின் அனுகூலம்தான், அதுவும் ஒரு கைக்கு இம்மியளவே. அது சேர ஆயிரக்கணக்கான கைகள் வேண்டும்.

இதற்கு எதிரே தளத்தின் கழிவை வைத்துப் பார்க்க வேண்டும். இருவர் ஆளுக்கு 50 ரூபாய் போட்டு, தளம் நூற்றுக்குப் பத்து எடுத்தால், வென்றவருக்கு 90. நட்டமில்லாமல் இருக்கவே நூற்றில் 56 ஆட்டம் வெல்ல வேண்டும். இருபது ஆட்டம் ஆடினால் ஆளுக்குச் சராசரி 100 ரூபாய் தளத்துக்குப் போய்விடும். மேசை விளையாட்டில் ஒரு மாலை முழுதும் நடக்கும் இருபது ஆட்டம் கைப்பேசியில் வெகு சீக்கிரம் முடிகிறது. 2023 அக்டோபர் 1 முதல் போடும் பணத்தின் முழு மதிப்புக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது. 50 ரூபாய் ஆட்டத்துக்கு 64 ரூபாய் போட வேண்டும் என்றால், அந்த முதல் ஆட்டத்தில் நூற்றுக்கு 71 வெற்றி தேவை. பல தளங்கள் இந்த வரியை போனஸாகத் திருப்பித் தந்து சமாளித்தன. கழிவு மட்டும் அப்படியே நின்றது. நிகர வெற்றிக்கு 30 சதவீத வருமான வரிப் பிடித்தம் வேறு.

நம் பகுதித் தொழிலாளி ஒருவர் ஒழுங்காக ஸ்கூட் போகக் கற்றிருந்தாலும் மாதக் கடைசியில் பணம் கரைந்ததற்குக் காரணம் அவருடைய பேராசை மட்டுமே என்று சொல்வது அநியாயம். தளர்ந்த எதிராளியிடம் வெல்வதைவிட அதிகமாகக் கழிவு எடுத்துக்கொண்டது.

5. நீதிமன்றங்கள் அளந்ததும் அளக்காததும்

ரம்மி பெரிதும் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே, ஆந்திர அரசு எதிர் சத்தியநாராயணா வழக்கில் கூறியது. இணையப் பண ஆட்டங்களுக்குத் தமிழக அரசு 2021-ல் கொண்டுவந்த தடையை சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் ரத்து செய்தது. இணைய ஆட்டங்களை ஆராய்ந்த நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு வந்த மாநிலச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. அச்சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகப் பட்டியலிட்டது செல்லாது என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025-ல் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடத் தடை விதித்த விதிகளை அதே நீதிமன்றம் ஜூனில் ஏற்றது. இரவு ஷிஃப்ட் ஆட்களுக்கு அது மிகவும் தேவையான விதி.

ஆட்டத்துக்குள் திறமை இருக்கிறதா என்பது நீதிமன்றங்கள் தொடர்ந்து கேட்ட கேள்வி. அதற்கு ஆம் என்ற பதில் சரியானதே. மேலே காட்டிய கையே சாட்சி. கழிவு போக அந்தத் திறமை ஆட்டக்காரர் கையில் மிஞ்சுகிறதா என்ற கேள்விக்கும் அதே எடை கிடைத்திருக்க வேண்டும் என்பது என் துணிபு.

2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம் திறமை, அதிர்ஷ்டம் என்று பிரிக்காமல் இணையப் பண ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது. ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. நடத்துகிறவருக்கு மூன்றாண்டு சிறை வரை உண்டு. பெரிய தளங்கள் அந்த நாட்களிலேயே பண மேசைகளை மூடின.

6. இலவச மேசையில் எழும் சிக்கல்

இப்போது இலவச மேசைகளே மிச்சம். அங்கே புள்ளிக்கு மதிப்பு இல்லை. ஆகவே யாரும் ஸ்கூட் போவதில்லை. ரம்மியின் ஆகப் பெரிய திறமை பழகாமலே போகிறது. வீட்டில் ஆடுகிறவர்கள் பணமில்லாமல், தாளில் பெயரெழுதி, முப்பது கைகளுக்குத் தொடர்ந்து புள்ளி கூட்டி வந்தால் 20-க்கும் 80-க்கும் உள்ள வித்தியாசம் மறுபடி உறைக்கும். பத்தாவது கையிலேயே யார் ஸ்கூட் போகத் தெரிந்தவர் என்று அந்தத் தாளில் தெரியத் தொடங்கும்.