எழுபது வளைவும் எழுபத்தெட்டாவது ரேகையும்

சேலம் பக்கம் சைக்கிள் மிதிக்கிறவங்களுக்கு ரெண்டு பரீட்சை உண்டு மக்களே. ஒண்ணு ஏற்காடு, 20 கொண்டை ஊசி வளைவு. அடுத்தது கொல்லிமலை, காரவள்ளியில இருந்து மேல 70 வளைவு. முதல் பரீட்சையில தட்டுத்தடுமாறி பாஸ். ரெண்டாவதுல கால் தாங்கிடுச்சு, ஜிபிஎஸ்தான் காலை வாரிடுச்சு. ஏன்னு தேடப்போய் 200 வருஷம் பின்னாடி போக வேண்டியதாயிடுச்சு. அந்தக் கதைதான் இது.

சர்வே ஆஃப் இந்தியாவோட பழைய டோபோ ஷீட் ஸ்கேன் ஒண்ணு கையில இருந்துச்சு. கொல்லிமலையில ஒரு ஒத்தையடிப் பாதை ஆரம்பிக்கிற இடத்தோட அட்சரேகை, தீர்க்கரேகையை அதுல இருந்து எடுத்து கையடக்க ஜிபிஎஸ்ல போட்டுட்டுக் கிளம்பிட்டேன். சாயங்காலம் போய் நின்னா, அம்புக்குறி சரிவுல இருக்கிற புதரைக் காட்டுது. சைக்கிளைத் தோள்ல தூக்கிட்டு இறங்கப் பார்த்தேன். விறகோட வந்த ஒரு பெரியவர் அதட்டினார்.

"தம்பி, எங்க எறங்குற? அது ஓடை. பாறை வழுக்கும். பாதை அந்தா, மேல திருப்பத்துக்கிட்ட."

அவர் காட்டின இடம் நூறு மீட்டருக்கு மேல தள்ளி இருந்துச்சு. இருட்டினப்புறம் அந்த ஓடையில இறங்கியிருந்தா இந்தப் பதிவை எழுத நான் இருந்திருப்பேனான்னு சந்தேகம்தான்.

இப்போ வரலாறு. 1802 ஏப்ரல்ல சென்னை பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்ப்டன் சுமார் 12 கிலோமீட்டருக்குச் சங்கிலி போட்டு ஒரு அடிக்கோடு அளந்தார். அதுல இருந்து முக்கோணம் முக்கோணமா நாட்டையே அளக்கிற வேலை ஆரம்பிச்சது. அதோட முதுகெலும்பு, 78வது தீர்க்கரேகையை ஒட்டி குமரியில இருந்து இமயமலை அடிவாரம் வரைக்கும் சுமார் 2,400 கிலோமீட்டர் போற பெரிய வில். கோணம் அளக்கிற தியோடலைட் மட்டும் அரை டன் எடை. 1808ல தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்து மேல ஏத்தும்போது கயிறு அறுந்து அது அடிபட்டு, லாம்ப்டனே உட்கார்ந்து ஆறு வாரம் ரிப்பேர் பார்த்தாராம். அவர் 1823ல இறந்துட்டார். ஜார்ஜ் எவரெஸ்ட் தொடர்ந்து 1841ல வில்லை முடிச்சார். அந்த அரை டன்னை மலை மலையா சுமந்தவங்க பேரு மட்டும் எந்த ஷீட்லயும் கிடையாது.

அந்த 78வது ரேகை எங்க போகுது தெரியுமா? சேலத்துக்கும் சங்ககிரிக்கும் நடுவுல! டோபோ ஷீட்ல சங்ககிரி '58 இ', சேலம் '58 ஐ'. காலையில சங்ககிரி வரைக்கும் மிதிச்சா ஒரு ஷீட்டைத் தாண்டிட்டீங்கன்னு அர்த்தம்.

சரி, என் அம்புக்குறி ஏன் தப்பா காட்டுச்சு? பூமி சரியான உருண்டை கிடையாது, நடுவுல கொஞ்சம் பருத்தது. எவ்வளவு பருமன்னு எவரெஸ்ட் 1830ல ஒரு கணக்கு போட்டார். நம்ம பழைய ஷீட் எல்லாம் இந்தியாவுக்குப் பொருந்துற மாதிரி அமைஞ்ச அந்தக் கணக்குலதான் வரைஞ்சது. ஜிபிஎஸ் பயன்படுத்துறது பூமியோட மையத்தை வெச்சுப் போட்ட 'டபிள்யூஜிஎஸ் 84'. அதே எண்ணை ரெண்டுலயும் போட்டா இடம் நூறு மீட்டருக்கு மேல நகர்ந்துடும். சமவெளியில பரவாயில்லை. கொண்டை ஊசியில நூறு மீட்டர்னா ஒரு வளைவே மாறிடும். செட்டிங்ல ஒரு வரியை மாத்தியிருந்தா முடிஞ்சிருக்கும். தப்பு என் மேலதான்.

உயரத்துலயும் இதே கூத்து உண்டு. நம்ம பக்கம் கடல்மட்டம் அந்தக் கணிதப் பூமியை விட 90 மீட்டர் அளவுக்குக் கீழ கிடக்குது. அதைத் திருத்தாத ஆப்ல பார்த்தா சேலம் 190 மீட்டர்னு காட்டும். நிஜத்துல 280 கிட்ட.

இன்னொரு விஷயம்தான் மனசுல தங்கிடுச்சு. நம்ம மண்ணை அளந்து ரெண்டு நூற்றாண்டு ஆச்சு. ஆனா வரைபடம் நம்ம கைக்கு வந்தது நேத்துதான். 2000 மே மாசம் அமெரிக்கா ஜிபிஎஸ்ல வேணும்னே வெச்சிருந்த பிழையை எடுத்துச்சு. 2005ல கூகுள் மேப்ஸ் வந்துச்சு. அதே வருஷம் வந்த தேசிய வரைபடக் கொள்கை, பொதுமக்களுக்குன்னு டபிள்யூஜிஎஸ் 84லயே தனி வரிசை ஷீட் போடச் சொல்லுச்சு. அதை இலவசமா இறக்கிக்க 2017 வரைக்கும் காத்திருந்தோம். 2021 பிப்ரவரியிலதான் முன் அனுமதி இல்லாம நாமளே வரைபடம் போடலாம்னு ஆச்சு.

அதனால அடுத்த வாரமே கொல்லிமலைக்குத் திரும்பப் போனேன். பெரியவர் காட்டின பாதையில சைக்கிளைத் தள்ளிட்டு நடந்தே தடம் பதிவு பண்ணி, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல ஏத்திட்டேன். ஓடையையும் சேர்த்துத்தான்.

கொசுறு: பழைய ஷீட்ல இருந்து எண் எடுக்கிறவங்க, ஓரத்துல பொடி எழுத்துல இருக்கிறதையும் படிச்சிடுங்க சாமி.