காஞ்சி கண்ட சீன மாணவர்

ஓதற்பிரிவு என ஒரு பிரிவை இலக்கணமாக வகுத்த மொழி தமிழ். பகை, தூது, பொருள் ஆகியவற்றோடு கல்வியையும் பிரிவுக்குரிய காரணமாகத் தொல்காப்பியர் எண்ணுகிறார். அப்பிரிவு மூன்றாண்டைக் கடத்தலாகாது என்று கற்பியலில் எல்லையும் கட்டுகிறார். கற்பதற்காக ஊர்விட்டு ஊர் செல்வது அத்துணைப் பழைய வழக்கமாக இந்நாட்டில் இருந்திருக்கிறது.

சுங்குவார்சத்திரத்தின் இருபுறமும் அவ்வழக்கத்தின் சுவடுகள் உள்ளன. ஒருபுறம் காஞ்சிபுரம். அங்கிருந்த கடிகையில் வேதம் பயில வந்த மயூரசர்மன், பல்லவக் குதிரை வீரன் ஒருவனோடு நேர்ந்த பூசலால் நூலை விட்டு வாளை எடுத்துக் கடம்ப அரசை நிறுவினான் என்று தாளகுண்டாக் கல்வெட்டு கூறும். மறுபுறம் ஸ்ரீபெரும்புதூர். அவ்வூரில் பிறந்த இராமானுசர் காஞ்சியை அடுத்து யாதவப்பிரகாசரிடம் பயின்றதும், ஆசிரியரோடும் உடன்மாணாக்கரோடும் காசிக்குப் புறப்பட்டதும், விந்தியக் காட்டில் கோவிந்தரின் எச்சரிக்கையால் அக்கூட்டத்தை விட்டு விலகித் தப்பியதும் குருபரம்பரை நூல்கள் விரித்துரைக்கும் செய்திகள்.

இவ்விருவருமன்றி, மூன்றாம் மாணவர் ஒருவர் உண்டு. அவர் தமிழரல்லர், இந்தியருமல்லர். சீன நாட்டினின்று வந்து, நாலந்தாவில் பயின்று, துணைவர் சூழத் தென்னாட்டைச் சுற்றிக் கி.பி. 640ஐ ஒட்டிய காலத்தில் காஞ்சியில் தங்கிய யுவான் சுவாங் அவர். யாத்திரிகர் என்றே பாடநூல்கள் அவரை அறிமுகம் செய்கின்றன. அவரோ தம்மை மாணவராகவே கருதினார். அவ்வாறு கருதிப் பார்க்கும்போதுதான் அவருடைய காஞ்சிப் பயணத்தின் பொருள் முழுமையாக விளங்குகிறது.

நாலந்தாவிலிருந்து தெற்கே

சீனத்தில் வழங்கிய பௌத்த நூல்களின் மொழிபெயர்ப்புகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. அறிஞர்களிடம் கேட்டும் ஐயம் தீரவில்லை. மூலநூல்களையே கண்டு தெளிவது என்று துணிந்த யுவான் சுவாங், நாட்டை விட்டு வெளியேற அரச அனுமதி கிடைக்காத நிலையிலும், கி.பி. 629 அளவில் தலைநகரான சாங்கானை நீங்கினார். பாலையும் பனிமலையும் கடந்து இந்தியா வந்து, நாலந்தாப் பெரும்பள்ளியில் சீலபத்திரரை ஆசிரியராக அடைந்தார். அப்போது சீலபத்திரருக்கு வயது 106 என்கிறது யுவான் சுவாங்கின் வரலாறு. யோகாசார நூல்களை அவரிடம் முறையாகக் கற்றதே மாணவரின் முதன்மைப் பேறு.

சில ஆண்டுகள் பயின்ற பின் நாட்டைக் காணும் விருப்பம் எழுந்தது. வங்கத்தின் தாமிரலிப்தித் துறைமுகத்தில், இன்றைய தாம்லுக்கில், சிங்களத் தீவைப் பற்றிக் கேள்வியுற்றார். தேரவாத முப்பிடகத்திலும் யோக நூலிலும் வல்ல அறிஞர்கள் அங்கு உள்ளனர் என்று பலர் கூறினர். கப்பலேற எண்ணியிருந்தவரைத் தென்னாட்டுத் துறவி ஒருவர் தடுத்தார். காற்றும் அலையும் கொண்ட நெடுங்கடல் வழி தீது. தென்னாட்டின் கோடி வரை நிலவழியே சென்றால் அங்கிருந்து மூன்று நாள் கடற்பயணம். இடைப்பட்ட நாடுகளையும் காணலாம் என்பது அவர் கூறிய வழி. அவ்வறிவுரையே சீன மாணவரைத் தமிழகத்திற்குக் கொண்டுவந்தது.

ஒட்டிரம், கலிங்கம், தென்கோசலம், ஆந்திரம் என நடந்து, அமராவதியைச் சார்ந்த தானியகடகத்தை அடைந்தார். அங்குச் சுபூதி, சூரியர் என்னும் இரு துறவியரைக் கண்டார். மகாசாங்கிகப் பிரிவின் நூல்களை அவர்களிடம் இவர் கற்றார்; மகாயான நூல்களை இவரிடம் அவர்கள் கற்றனர். சில திங்கள் இவ்வாறு கழிந்தபின், உள்ளம் ஒன்றிய நிலையில் யாவரும் ஒருங்கே புனித இடங்களைக் காணப் புறப்பட்டனர் என்று அவர்தம் வரலாறு குறிக்கிறது. ஆசிரியர், மாணவர் என்ற எல்லை அழிந்து, ஒருவர்க்கொருவர் இருநிலையும் ஆகிய கூட்டம் அது.

வழியில் சோழநாடு என ஒரு நாட்டை அவர் குறிக்கிறார். மக்கள் குறைந்து, காடு மண்டி, கள்வர் திரியும் நாடு என்கிறார். காவிரிச் சோழநாட்டை நினைவில் கொண்டு படிப்பவர் திகைப்பர். கடப்பைப் பகுதியில் ஆண்ட ரேநாட்டுச் சோழரின் நிலமே இது என்பது வரலாற்றாசிரியர் பலர் கொண்ட முடிவு. அந்நிலத்தைக் கடந்தபின் திராவிட நாடும் அதன் தலைநகர் காஞ்சியும் வருகின்றன.

காஞ்சியில் கண்டவை

காஞ்சியின் சுற்றளவு முப்பது லீ என்று அவர் அளவு கூறுகிறார். லீ என்பது சீன நீட்டலளவை. ஏறத்தாழ மூன்று லீ ஒரு மைல் எனக் கொள்வர். நிலம் வளமுடையது, தானியம் மிகுதி, பூவும் கனியும் நிறைய உண்டு, மக்கள் அஞ்சாதவர், வாய்மையைப் பெரிதெனப் பேணுபவர், கல்வியை மதிப்பவர் என்பன அவருடைய குறிப்புகள். நூறு பௌத்தப் பள்ளிகள், பதினாயிரம் துறவியர், எண்பது தேவர் கோயில்கள், பல நிர்க்கிரந்தர் என்று சமயக் கணக்கையும் தருகிறார். நிர்க்கிரந்தர் என்பது சமணரைக் குறிக்கும். நகரின் தெற்கே, தொலைவில்லாத இடத்தில், பெரும் பள்ளி ஒன்றும் அசோகர் எடுப்பித்ததாகச் சொல்லப்பட்ட நூறடி உயரத் தூபியும் இருந்தன.

இவை மிகையோ என்னும் ஐயத்திற்குத் தமிழ்நாட்டுச் சான்றுகள் ஓரளவு விடை தருகின்றன. மணிமேகலை தன் அறத்தேட்டத்தின் முடிவில் வந்து சேரும் நகர் காஞ்சி. முதலாம் மகேந்திரவர்மன் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனத்தில் நாகசேனன் என்னும் பௌத்தத் துறவி காஞ்சித் தெருவில் நடமாடுகிறான். அரசனே எள்ளி நகையாடும் அளவுக்கு அத்துறவியர் நகரில் மிக்கிருந்தனர். காஞ்சியில் கிடைத்த புத்தர் படிமங்களை 1915இல் து. அ. கோபிநாதராவ் ஆராய்ந்து எழுதினார். மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் வெளியிட்ட ‘பௌத்தமும் தமிழும்’ அச்செய்திகளைத் தமிழர்க்குத் தொகுத்துத் தந்தது.

எனினும் கட்டடங்களின் எண்ணிக்கையன்று, ஒரு மனிதரின் பெயரே அம்மாணவரைக் காஞ்சியோடு பிணைத்தது. காஞ்சி, தருமபாலர் பிறந்த ஊர் என்று அவர் எழுதுகிறார். தருமபாலர் அமைச்சர் ஒருவரின் மகன். அரசன் தன் மகளை அவருக்கு மணம் செய்விக்க முனைந்தபோது, மணநாளின் முன்னிரவில் அவர் புத்தர் திருவுருவின் முன் உளம் வருந்தி வேண்டினார். தெய்வமொன்று அவரைத் தூக்கிச் சென்று நெடுந்தொலைவில் மலைப் பள்ளி ஒன்றில் சேர்த்தது என்பது அவர் கேட்டு எழுதிய கதை. மணத்தை மறுத்து அறத்தை நாடும் அக்கதை மணிமேகலையைப் பயின்றவர்க்குப் புதியதன்று. கதை எவ்வாறாயினும், காஞ்சியில் பிறந்த அவர் வடக்கே சென்று நாலந்தாவின் தலைமை ஆசிரியரானார். சீலபத்திரர் அவருடைய மாணாக்கர். ஆகவே யுவான் சுவாங் கண்டது தம் ஆசிரியரின் ஆசிரியர் பிறந்த ஊரை. காஞ்சியிலிருந்து நாலந்தாவுக்குச் சென்ற கல்வி, ஒரு தலைமுறை கழித்து ஒரு சீனரின் வடிவில் தன் ஊரைக் காணத் திரும்பியது.

முந்நூறு துறவியர்

சிங்களத்திற்குக் கப்பலேறும் எண்ணத்தோடு இருந்தவரை எதிர்பாராத செய்தி வந்தடைந்தது. போதிமேகேசுவரர், அபயதம்ட்டிரர் ஆகியோர் தலைமையில் முந்நூறு துறவியர் அத்தீவிலிருந்து காஞ்சிக்கு வந்திறங்கினர். உம் நாட்டு அறிஞரிடம் கற்கவே நான் வருகிறேன். நீர் ஏன் இங்கு வந்தீர் என்று மாணவர் வினவினார். மன்னர் இறந்தார், பஞ்சம் சூழ்ந்தது, புகலில்லை, புத்தர் பிறந்த நாட்டில் உணவும் அமைதியும் உண்டெனக் கேட்டு வந்தோம் என்றனர். மேலும், எங்களினும் கற்றவர் அங்கு இல்லை. ஐயம் இருப்பின் எங்களையே கேளும் என்றனர். யோக நூலின் அரிய பகுதிகளை எடுத்து அவர் கேட்டார். சீலபத்திரர் தந்த விளக்கத்தை அவர்களுடைய விடை எட்டவில்லை.

தாமிரலிப்தியில் எழுந்த ஆசை காஞ்சியில் அடங்கியது. ஈழத்தை அவர் காணவே இல்லை. தெற்கே சந்தனம் விளையும் மலயகூட நாட்டையும் கேள்வியாகவே அறிந்தார் என்று அவர்தம் வரலாறு கூறுகிறது. அந்நாட்டில் அவர் குறிக்கும் பொதலக மலையைப் பொதிகை எனக் கொள்வோர் உளர். காஞ்சியைக் கடற்கரைத் துறைமுகம் என அவ்வரலாறு எழுதியிருப்பதும் ஆய்வுக்குரியது. பல்லவர் துறையாகிய மாமல்லபுரத்தையும் தலைநகரையும் ஒன்றாக்கிக் கூறியதாகலாம். கண்டதையும் கேட்டதையும் பிரித்தறிவது பயணநூலைப் படிப்பவரின் கடன் என்பதற்கு இவை தக்க எடுத்துக்காட்டு.

திரும்பும் வழியில் அவர் தனியராக இல்லை. சிங்களத் துறவியருள் எழுபதின்மர் அவரோடு சேர்ந்தனர். புனிதச் சுவடுகளைக் கண்டு வணங்கியவாறு அக்கூட்டம் வடமேற்கே கொங்கணபுரம் நோக்கி நடந்தது. நாடிழந்தவரும் நாடு நீங்கிக் கற்க வந்தவரும் ஒரே வழியில் சென்ற காட்சி அது. அப்பயணத்தின் தொடர்ச்சியாக மகாராட்டிரத்தை அடைந்து, இரண்டாம் புலிகேசியைப் பெயர் சுட்டிப் புகழ்ந்தார். காஞ்சியில் அப்போது ஆண்ட முதலாம் நரசிம்மவர்மனின் பெயரை அவர் குறிக்கவில்லை. அடுத்து, 642இல், அந்த நரசிம்மவர்மனின் படை வாதாபியை வென்றது. இரு பகைவரின் நாடுகளையும் போருக்குச் சற்று முன் கடந்து சென்ற அம்மாணவரின் நூலில், வரப்போகும் எரியின் புகை கூட இல்லை.

எஞ்சியது எங்கே

கி.பி. 645இல் சாங்கான் திரும்பியபோது அவர் 657 நூல்களைக் கொண்டுசென்றார். மறு ஆண்டே பயணநூல் எழுதப்பெற்றது. எஞ்சிய காலமெல்லாம் மொழிபெயர்ப்புக்கே செலவாயிற்று. 659இல் அவர் உருவாக்கிய விஞ்ஞப்திமாத்திர நூல், வசுபந்துவின் முப்பது செய்யுட்களுக்கு எழுந்த பத்து உரைகளைத் தொகுத்தது; அவற்றுள் தருமபாலரின் உரையையே முதன்மையாகக் கொண்டது. கிழக்காசியாவின் யோகாசார மரபு அந்நூலின்மேல் எழுந்தது. சீனம், கொரியா, சப்பான் ஆகிய நாடுகளின் பள்ளிகளில் அது நூற்றாண்டுகளாகப் பயிலப்பட்டு வருகிறது.

காஞ்சியிலோ நிலைமை வேறு. நூறு பள்ளிகளில் ஒன்றும் நிற்கவில்லை. தருமபாலரின் நூல்கள் அவர் எழுதிய வடமொழியில் கிடைக்கவில்லை. சீன மொழிபெயர்ப்பிலேயே வாழ்கின்றன. போதிதருமரின் பெயர் தமிழரிடையே பரவிய அளவில் தருமபாலரின் பெயர் பரவவில்லை. காஞ்சி தந்த தத்துவ ஆசிரியர் ஒருவரின் சிந்தனையைக் காஞ்சிக்கு அருகில் வாழ்வோர் அறிய வேண்டுமாயின் சீன எழுத்தை நாட வேண்டியிருக்கிறது. யுவான் சுவாங்கின் பயணநூலும் 1884இல் சாமுவேல் பீல், 1904, 1905ஆம் ஆண்டுகளில் தாமசு வாட்டர்சு ஆகியோரின் ஆங்கில நூல்கள் வழியாகவே தமிழ் ஆய்வாளரை வந்தடைந்தது. இரு மொழி கடந்து வந்த செய்தியில் பெயர்கள் சிதைந்தன. நாடுகள் இடம் மாறின. அவற்றைத் திருத்துவதற்கும் மூலமொழி அறிந்த தமிழரே வேண்டும்.

ஊர்ப்பெருமையின் பொருட்டு, அக்கூட்டம் சுங்குவார்சத்திரத்து வழியே நடந்தது என்று கூறத் தேவையில்லை. நூல் அவ்வாறு கூறவில்லை. ஆயினும் வழிப்போக்கர்க்குரிய சத்திரத்தைப் பெயரிலேயே தாங்கிய இவ்வூர்ப் பக்கம் கீழைநாட்டார் வருகை மீண்டும் பெருகியிருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கொரியக் கார்த் தொழிற்சாலை உற்பத்தி தொடங்கிய பின், கொரியரும் சப்பானியரும் தைவானியரும் இந்நெடுஞ்சாலையில் பணிக்கு வந்தனர். விடுமுறை நாளில் குழுவாகக் காஞ்சிக் கோயில்களைக் காணச் செல்வோர் அவர்களுள் உண்டு. அவர்களுடைய நாட்டுப் பள்ளிகளில் தருமபாலரின் பெயர் வழங்குகிறது என்பதும், அவர் இவ்வூருக்கு அண்மையில் பிறந்தவர் என்பதும் இரு சாராரும் அறிந்துகொள்ளத்தக்க செய்திகள்.

தொல்காப்பியர் வகுத்த மூன்றாண்டு எல்லையை யுவான் சுவாங் ஐந்து மடங்குக்கும் மேலாகக் கடந்தார். அந்த நீண்ட பிரிவினால் காஞ்சியின் கல்வி ஒன்று அழியாது நின்றது. ஆங்கிலத்தின் துணையின்றி நேரே சீனத்தைக் கற்று அதனை மீட்டுத் தமிழில் தரும் ஓதற்பிரிவு ஒன்று இனித் தமிழ் மாணவர்க்கு உரியது. கவிஞரும் அறிஞரும் கூடும் அவைகள் அத்தகைய மாணவர் ஒருவரையேனும் ஊக்கி அனுப்புமாயின், அது காஞ்சி தன் பழைய மாணவர்க்குச் செலுத்தும் நன்றியாகவும் அமையும்.