இரண்டு பஞ்சாங்கமும் கலிலியோ பாடமும்



போன மாதம் ஓரிக்கை வீட்டுத் திண்ணையில் அண்ணனுக்கும் எனக்கும் வாக்குவாதம். அப்பாவின் திதி எந்த நாள் என்பதில்தான். அவர் கையில் வாக்கியப் பஞ்சாங்கம், என் கையில் திருக்கணிதம். ஒரு நாள் வித்தியாசம். கடைசியில் அண்ணன், "யார் கணக்கு சரின்னு நான் கேக்கலடா. நம்ம வீட்ல இதை யார் முடிவு பண்றதுன்னு கேக்கறேன்" என்றார்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. உங்களுக்கெல்லாம் நான் நடத்திய கலிலியோ பாடத்தில் விட்டுப்போனது இதுதானே என்று தோன்றியது. 'அறிவியலுக்கும் மதத்துக்கும் சண்டை' என்று சொல்லிக் கரும்பலகையை அழித்துவிட்டேன். அது பாதிதான். மீதியை இப்போது சொல்கிறேன்.

கலிலியோவைத் தண்டித்த போப் எட்டாம் அர்பன், ஒரு காலத்தில் அவரைப் புகழ்ந்து கவிதை எழுதிய நண்பர். கலிலியோவின் நூல் வெளிவந்த 1632இல் ஐரோப்பாவில் முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. கத்தோலிக்கத் தரப்பைப் போப் போதிய அளவு ஆதரிக்கவில்லை என்று ஸ்பெயின் தரப்புக் கர்தினால் போர்ஹா, அந்த மார்ச் மாதம் சபையிலேயே குற்றம் சாட்டினார். தான் கண்டிப்பானவர் என்று காட்டவேண்டிய நெருக்கடி போப்புக்கு. அந்த நேரத்தில், தன் வாதத்தையே நூலில் சிம்ப்ளிசியோ என்ற அசட்டுப் பாத்திரத்தின் வாயில் வைத்திருப்பதையும் கண்டார். 1633இல் விசாரணை நடந்து தீர்ப்பும் வந்தது.

இதன் மறுபக்கமும் உண்டு. 1582இல் திருச்சபை திருத்திய நாட்காட்டி கணக்கில் சரியானது. ஆனாலும் போப் சொன்னது என்பதால் இங்கிலாந்து 1752 வரை அதை ஏற்கவில்லை. 170 ஆண்டுகள்!

நம் ஊர்க்கதைக்கு வருவோம். சென்னை வானியல் ஆய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ஒரு மாறொளிர் விண்மீனைக் கண்டுபிடித்தவர். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, சாதாரண மக்களுக்குப் புரியும்படி இந்திய மொழிகளிலும் சிறுநூல் வெளியிட்டார். கண்ணால் காணும் வானத்தோடு பொருந்தும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தையும் போட்டார். பழைய வழிக்காரர்கள் லேசில் ஏற்கவில்லை. பஞ்சாங்கம் என்பது திதி, முகூர்த்தம், திருவிழா எல்லாவற்றின் மீதும் உள்ள அதிகாரம். போதாக்குறைக்கு, புதுக் கணக்கு ஆங்கிலேயர் ஆட்சியின் ஆய்வகத்திலிருந்து வந்தது. சந்தேகம் வராமல் இருக்குமா?

சுதந்திரத்துக்குப் பின் மேகநாத் சாகா தலைமையில் குழு அமைத்து, 1957இல் தேசிய நாட்காட்டி வந்தது. எத்தனை வீட்டில் அதைப் பார்த்து நாள் குறிக்கிறார்கள்? 2023இல் திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி ஜனவரி 17. திருநள்ளாறு கோயிலில் வாக்கியப்படி டிசம்பர் 20. பதினோரு மாத இடைவெளி. வானத்தில் சனி ஒன்றுதான்!

கணக்கில் திருக்கணிதமே சரி என்று இன்றும் சொல்வேன். ஆனால் சரியான கணக்கைக் கொண்டுபோகிறவன், எதிரில் இருப்பவரின் இடத்தைப் பிடுங்க வருகிறவனாகத் தெரிந்தால் கணக்கு காதில் ஏறாது. அன்று திண்ணையில் நான் அப்படித்தான் தெரிந்திருப்பேன்.

திதியை அண்ணன் சொன்ன நாளில்தான் கொடுத்தோம். சாப்பிட்டு முடித்ததும் அவரே, "உன் பஞ்சாங்கத்தைக் கொண்டா, அதுல எப்படிப் போடறான்னு பாப்போம்" என்றார். இரண்டு பேரும் சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

உங்கள் வீட்டில் எந்தப் பஞ்சாங்கம்? யார் முடிவு செய்கிறார்கள்? எழுதுங்கள்.