தொய்யாத நரம்பு: ட்ரவுட் தூண்டிற்கலையின் ஒரு கிளை வரலாறு

குளிர்ந்த நீரோட்டங்களில் வாழும் ட்ரவுட் மீனைச் செயற்கை ஈயால் பிடிக்கும் கலையில், 'டைட் லைன் நிம்ஃபிங்' என்றும் 'யூரோ நிம்ஃபிங்' என்றும் இன்று வழங்கும் முறை, கடந்த நாற்பது ஆண்டுகளில் போட்டிக் களங்களின் வழியே உலகெங்கும் பரவியதாயினும், அதன் வேர் தூண்டிற்கலையின் மிகப் பழைய பழக்கத்தில் இருக்கிறது. நிம்ஃப் என்பது, நீர்ப்பூச்சி சிறகு முளைத்து மேலே பறப்பதற்கு முன் ஆற்றின் அடியில், கல்லிடுக்குகளில் வாழும் இளம்பருவம். ட்ரவுட் தன் உணவில் பெரும்பகுதியை நீரின் மேற்பரப்பில் அன்றி இந்த அடிமட்டத்திலேயே பெறுகிறது. அந்த இளம்பூச்சியின் சாயலில் கட்டிய கனமான முள்ளைத் தரையோடு ஒட்டிச் செல்லவிட்டு, கோலின் நுனிக்கும் முள்ளுக்கும் இடையிலுள்ள நரம்பு தொய்யாதபடி பிடித்து, மீனின் தொடுகையைக் கையாலும் கண்ணாலும் உணர்வதே இம்முறையின் சாரம்.

1496இல் இங்கிலாந்தில் அச்சான, ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் கன்னித்துறவியின் பெயரால் வழங்கும் தூண்டில் நூல், குதிரைவால் மயிரைத் திரித்து நரம்பு செய்யும் வகையை விரிவாகக் கற்பிக்கிறது. அக்காலத்தில் நரம்பு கோலின் நுனியிலேயே கட்டப்பட்டது. அதைச் சுற்றிவைக்கும் உருளை கிடையாது. ஜப்பானிய மலையோடைகளின் தென்காரா முறையிலும், வட இத்தாலியின் வல்சேசியா பள்ளத்தாக்கு முறையிலும் இந்த அமைப்பு இன்றளவும் பிழைத்திருக்கிறது. பின்னர் உருளையும், எண்ணெய் ஊட்டிய பட்டுக்கயிறும் வந்தபோது, எடையற்ற ஈயைக் கயிற்றின் எடையே சுமந்து சென்று தொலைவில் இறக்கியது. ஆனால் நீரில் விழுந்த அந்தக் கயிற்றை வேறுவேறு வேகமுள்ள நீரோட்டங்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததால், தொலைவைப் பெற்ற தூண்டிற்காரர் தொடுகையை இழந்தார். தொய்யாத நரம்பின் வரலாறு என்பது, இழந்த அந்தத் தொடுகையை மீட்ட வரலாறே ஆகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், தென் இங்கிலாந்தின் டெஸ்ட், இச்சன் ஆகிய சுண்ணாம்புப்பாறை ஊற்றாறுகளில் இக்கலை ஓர் ஒழுக்கநெறியாகவே இறுகியது. சுண்ணாம்புப் பாறையினூடே வடிந்து வரும் அந்நீர் கண்ணாடிபோல் தெளிந்து, ஆண்டு முழுதும் சீராக ஓடுவதால், மேலே வந்து பூச்சியை விழுங்கும் ஒவ்வொரு மீனையும் கரையிலிருந்தே காணலாம். இந்தச் சூழலில், 1886இலும் 1889இலும் வெளிவந்த தம் நூல்களால் பிரெடெரிக் ஹால்ஃபோர்டு 'உலர் ஈ' முறையை, அதாவது மிதக்கும் ஈயை நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் வீசும் முறையை, நிலைநாட்டினார். அவருடைய நூல்களின் நுட்பம் மறுக்க முடியாதது. எனினும் அவர் வழிவந்தோர் நீருக்கடியில் ஈயைச் செலுத்துவதையே இழிவாகக் கருதத் தொடங்கியது கலையின் கண்ணை ஒருபுறம் கட்டிவிட்டது.

அக்கட்டை அவிழ்க்க முயன்றவர் ஜி. இ. எம். ஸ்க்யூஸ் என்னும் இலண்டன் வழக்கறிஞர். வின்செஸ்டருக்கு அருகே இச்சன் ஆற்றின் அபட்ஸ் பார்ட்டன் பகுதியில் பல்லாண்டு மீன்பிடித்த அவர், பிடித்த மீனின் இரைப்பையிலிருந்து உணவைச் சிறு கரண்டியால் எடுத்து, வெள்ளைத் தட்டில் நீர்விட்டுப் பரப்பி, மீன் உண்மையில் எதை உண்டது என்று ஆராய்ந்தார். தட்டில் சிறகுள்ள ஈக்களைவிட நிம்ஃபுகளே மிகுந்திருந்தன. 1910, 1921, 1939 ஆகிய ஆண்டுகளில் வந்த அவருடைய நூல்கள் இதைச் சான்றோடு எடுத்துரைத்தன. ஆயினும், ஹால்ஃபோர்டு 1914இல் மறைந்து கால் நூற்றாண்டு நெருங்கிய பின்னும், 1938இல் இலண்டனின் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பில் நிம்ஃப் முறை தகுமா தகாதா என்று விவாதம் நடந்தது. முதுமையில் ஸ்க்யூஸ் தம் ஆற்றையும் விட்டு விலக நேர்ந்தது.

ஸ்க்யூஸின் நிம்ஃபுகள் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேதான் சென்றன. அவற்றை ஆழத்துக்கு இறக்கியவர் வில்ட்ஷயரின் ஏவன் ஆற்றுக் காவலர் ஃபிராங்க் சாயர். அவர் கட்டிய 'ஃபெசன்ட் டெயில்' நிம்ஃபைச் சற்று நெருங்கிக் காணவேண்டும். அதில் கட்டுநூலே இல்லை; தலைமயிர் போன்ற மெல்லிய செப்புக்கம்பியே நூலாகவும் எடையாகவும் நிற்கிறது. முதலில் கம்பியை முள்ளின்மீது சுற்றி, மார்புப் பகுதியில் ஒரு புடைப்பு எழுப்பி, ஃபெசன்ட் சேவலின் வால் இறகிலிருந்து எடுத்த நான்கு இழைகளின் நுனிகளை வாலாக நிறுத்தி, மீதியைக் கம்பியோடு முறுக்கி உடலாகச் சுற்றி, எஞ்சியதைப் புடைப்பின்மேல் மடித்துச் சிறகுறையாக்கினால் பணி முடிந்தது. கால்கள் வைப்பதில்லை, ஏனெனில் நீந்தும் நிம்ஃப் கால்களை உடலோடு ஒடுக்கிக்கொள்வதை அவர் ஆற்றிலேயே கண்டிருந்தார். நிம்ஃப் மீனை நெருங்கும் நேரத்தில் கோல்நுனியை மெல்ல உயர்த்தி, அது தப்பி மேலெழுவதுபோல் காட்டி மீனைத் தூண்டும் உத்தியும் அவருடையதே. 1958இல் வந்த அவருடைய நூல் இதை ஐரோப்பா எங்கும் கொண்டுசேர்த்தது.

அடுத்த பெருந்திருப்பம் நிகழ்ந்தது போலந்தில். டுனாயெட்ஸ், சான் போன்ற விரைந்தோடும் ஆறுகளில் ட்ரவுட்டையும் கிரேலிங் என்னும் அதன் உறவு மீனையும் தேடிய போலந்து நாட்டவருக்கு, கம்யூனிச ஆட்சிக்காலத்தில் மேலைநாட்டு வீச்சுக்கயிறுகள் எளிதில் கிட்டவில்லை என்றும், அந்தப் பற்றாக்குறையே வெறும் நைலான் நரம்போடு கோலடியில் மீன்பிடிக்க வைத்தது என்றும் கூறப்படுவதுண்டு. அவர்கள் ஆற்றில் இறங்கி மீனுக்கு மிக அருகே நின்று, கல்லடியில் வாழும் கேடிஸ் புழுவின் சாயலில் பின்னிய கனத்த நிம்ஃபுகளைச் சற்றே மேலோட்டத்தில் எறிந்து, கோல்நுனியால் அவற்றை ஓட்டத்தோடு நடத்திச் சென்று, இறுதியில் மெல்லத் தூக்கினர். 1980களில் இதைக் கற்றுக்கொண்ட செக் நாட்டவர் போட்டிகளில் பெருவெற்றி பெற்றதால் 'செக் நிம்ஃப்' என்ற பெயரே உலகில் நிலைத்தது. நியாயமாகப் பார்த்தால் அப்பெயரின் முதல் உரிமை போலந்துக்கே உரியது.

இம்முறை ஏன் பலிக்கிறது என்பதற்கு ஆற்றின் இயல்பே விடை. கற்களின் உராய்வால் அடிநீர் மெதுவாகவும், மேல்நீர் விரைவாகவும் ஓடுகிறது. மேலே கிடக்கும் பருத்த கயிறு அடியிலுள்ள நிம்ஃபை அதன் இயல்பான வேகத்தைவிட விரைந்து இழுக்க, மீன் ஐயுற்று விலகுகிறது. மெல்லிய நரம்பு மட்டும் நீரைக் கிழித்து இறங்கினால் அந்த இழுப்பு மிகவும் குறைகிறது. மேலும், போலி இரையைக் கவ்விய ட்ரவுட் நொடிப்பொழுதில் அதை உமிழ்ந்துவிடும்; நரம்பில் தொய்வு இருந்தால் அந்தச் செய்தி கைக்கு வந்து சேர்வதற்குள் மீன் போய்விடும்.

பிரான்சின் தெளிந்த, ஆழமற்ற ஆறுகளில் மீனை அவ்வளவு நெருங்க இயலாததால், அந்நாட்டவரும் ஸ்பானியரும் கோலைவிட நீண்ட மெல்லிய நரம்பையும் இலேசான நிம்ஃபுகளையும் கையாண்டனர். தக்கைக்கு மாற்றாக, நரம்பின் இடையே பளிச்சென்ற நிறமுள்ள ஒரு துண்டைச் சேர்த்து, அதன் அசைவால் மீனின் கடியை அறிந்தனர். இன்றைய கருவிகள் போலந்து-செக் மரபு, பிரெஞ்சு-ஸ்பானிய மரபு ஆகிய இரண்டின் கூட்டு: பத்து முதல் பதினொரு அடி நீளமுள்ள, நுனி மென்மையான கோல், ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம் என்றால், 19.3 கிராம் அடர்த்தியுள்ள டங்ஸ்டன் மணியைத் தலையில் கோத்த சிறு முள். அளவில் சிறுத்தும் விரைந்து அமிழும் இந்த மணிதான், பருத்த நிம்ஃபுகளின் காலத்தை முடித்துவைத்தது.

ஐரோப்பாவின் பெயரைத் தாங்கினாலும், தொய்யாத நரம்பு முறை ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று. கலிபோர்னியாவின் மேல் சாக்ரமென்டோ ஆற்றில், விண்டூ பழங்குடியைச் சேர்ந்த டெட் டவென்டாலி கனத்த ஈக்களைக் குறுநரம்பில் செலுத்தும் முறையை டெட் ஃபே என்பவருக்குக் கற்பித்தார். பென்சில்வேனியாவில் ஜோ ஹம்ஃப்ரிஸ் 1981இல் வெளியிட்ட நூல், இறுக்கிப் பிடித்த நரம்பால் நிம்ஃபை நடத்துவதை விளக்கியது. நீலகிரி ஓடைகளில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட ட்ரவுட்டை அறிந்த தமிழர்க்கும், தக்கையில்லாமல் விரலால் கடியை உணரும் நம் ஊர்த் தூண்டிற்காரரை நினைத்தால் இதன் அடிப்படை அயலாகத் தோன்றாது.

1981இல் லக்சம்பர்க்கில் தொடங்கிய ஈத்தூண்டில் உலகப் போட்டியின் இன்றைய விதிகள் தக்கையையும், நரம்பில் தனியே கோக்கும் ஈயத்தையும் தடுக்கின்றன. எடை முழுவதும் ஈயிலேயே இருக்கவேண்டும். கயிற்றுக்கும் ஈக்கும் இடையிலுள்ள முன்நரம்பு கோலின் நீளத்தைப்போல் இருமடங்கைத் தாண்டக்கூடாது. இன்றைய முறையின் வடிவத்தை இந்த விதிகள் பெரிதும் செதுக்கியுள்ளன. ஆயினும், ஸ்க்யூஸ் போராடிய தென் இங்கிலாந்து ஊற்றாறுகளின் பல பகுதிகளில், ஜூலை பிறக்கும்வரை உலர் ஈக்கு மட்டுமே இன்றும் அனுமதி.