காதில் வரைந்த முதுகெலும்பு

டாக்குரியாவில் முதுகுவலிக்காக நான் சென்ற சிகிச்சை அறையின் சுவரில் ஒரு காதின் படம் தொங்குகிறது. அதனுள் தலைகீழாகச் சுருண்ட ஒரு கரு. காதுமடலின் உட்புறம் வளைந்தோடும் மேடுதான் அதன் முதுகெலும்பு. அம்மேட்டில் ஒரு சிறு விதையை ஒட்டி, அவ்வப்போது அழுத்திக்கொள்ளச் சொன்னார்கள். "சீனர்களுடைய மூவாயிரம் வருஷத்து வித்தை, தம்பி" என்றார் அருகிலிருந்த பெரியவர். லேக் மார்க்கெட் பக்கத்தில் நெடுங்காலமாக வாழும் தமிழர், எழுபத்தைந்தைக் கடந்தவர்.

உண்மையில் அந்தப் படத்தைவிட அவருக்கே வயது அதிகம்.

காதுக்கும் உடலுக்கும் தொடர்புண்டு என்று பழஞ்சீன மருத்துவ நூல்கள் பேசுகின்றன. ஆனால் காதைக் கருவாகக் காணும் வரைபடம் பிரான்சில் பிறந்தது. 1950களின் தொடக்கத்தில் லியோன் நகர மருத்துவர் பால் நோஜியே, தம்மிடம் வந்த சிலரின் காதில் ஒரே இடத்தில் தீத்தழும்பு இருப்பதைக் கண்டார். இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்புவலிக்கு மார்செய் நகரப் பெண்ணொருவர் அங்கே சூடு வைத்திருந்தார். நம் ஊர்களில் சூடு போடுவதை அறிந்தவர்களுக்கு இது வியப்பன்று. வலி இடுப்பில், சூடு காதில் எனில், அவ்விடம் இடுப்புக்கு உரியதாகுமோ என்று எண்ணிய நோஜியே, காது முழுவதையும் வரைந்தார். அவரது கட்டுரை 1957இல் ஜெர்மானிய இதழொன்றில் வெளிவந்தது. மறு ஆண்டே அது சீனத்தில் பெயர்க்கப்பட்டது. நாஞ்சிங் ராணுவ மருத்துவர்கள் அதை நோயாளிகளிடம் சோதித்தனர். பிறகு அது சீன மருத்துவமாகவே உலகைச் சுற்றியது.

அதே 1958இல் கல்கத்தா மருத்துவர் பிஜய் குமார் பாசு அக்குபஞ்சர் கற்கச் சீனா சென்றார். 1938இல் காங்கிரஸ் சீனாவுக்கு அனுப்பிய ஐந்து மருத்துவர்களுள் அவரும் ஒருவர். அங்கேயே உயிர்நீத்த கோட்னிஸின் தோழர். 1959இல் திரும்பிக் கல்கத்தாவில் ஊசி சிகிச்சையைத் தொடங்கினார். அவ்விதை ஊன்றி வளர்ந்தே, மேற்கு வங்கம் 1996இல் அக்குபஞ்சருக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது.

பயன் உண்டா என்பது வேறு வினா. நாட்பட்ட இடுப்புவலியுள்ள 1,162 பேரிடம் ஜெர்மனியில் நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. உரிய புள்ளிகளில் உடலில் ஊசி குத்தப்பட்டவர்களுள் 47.6 விழுக்காட்டினர் ஆறு மாதத்தில் தேறினர். புள்ளி தவறி, ஆழமின்றிக் குத்தப்பட்டவர்களுள் 44.2, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுள் 27.4. ஊசி உதவியிருக்கிறது, இடம் அவ்வளவாகப் பொருட்படவில்லை. புள்ளியையே நம்பி நிற்கும் காது வரைபடத்துக்கு இது கடினமான கேள்வி. காதுக்கென நடந்த ஆய்வுகளோ பெரும்பாலும் சிறியவை.

வலியில் இருப்பவர் 'மூவாயிரம் ஆண்டு' என்ற சொல்லில் சாய்ந்துகொள்வது இயல்பு. ஆனால் பழமை சான்றாகாது, புதுமை குற்றமுமாகாது. விதையை ஒட்டிக்கொள்வதில் பெருந்தீங்கில்லை. கால் மரத்து வலுவிழந்தாலோ சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ விதையை நம்பிக் காத்திருப்பதுதான் தீங்கு.

அடுத்த முறை பெரியவரிடம் இவற்றைச் சொன்னேன். காதைத் தடவிக்கொண்டே சிரித்தார்: "அப்போ இந்த அறையில் நான்தான் மூத்தவன்!"