எத்தனை மலசலகூடம்?

வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்து விடுவிக்கப்பட்ட காணி ஒன்றில் சிறிய ஆரம்பப் பாடசாலையை மீளக் கட்ட மதிப்பீடு தயாரித்துக்கொண்டிருந்த பொறியியலாளர் ஒருவர் என்னிடம் இரண்டு விபரங்கள் கேட்டார். பிள்ளைகள் எத்தனை பேர், அதில் பெண்பிள்ளைகள் எத்தனை? பழைய கிணறு எங்கே இருந்தது? பழைய பள்ளிக்கூடங்களின் தாள்களைத் தேடித் திரிகிறவன் என்பதால் என்னிடம் வந்தார். அந்த இரண்டு கேள்விகளுக்கும் பின்னால் போனதில் அகப்பட்டவற்றை இங்கே எழுதுகிறேன். பாடசாலையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அதன் இடாப்பில் உள்ளவர்கள் பலர் இன்றும் அந்த ஊரில் இருக்கிறார்கள். இடாப்பு சொல்லும் செய்திகளில் சில அவர்களுக்கு உவப்பாக இராது.

முதலில், அவருக்கு ஏன் அந்த விபரங்கள் தேவைப்பட்டன? இடம்பெயர்ந்தோரோடு வேலை செய்கிற நிறுவனங்கள் எல்லாம் கையில் வைத்திருப்பது 'ஸ்பியர்' கையேடு. பாடசாலையில் 30 பெண்பிள்ளைகளுக்கு ஒரு மலசலகூடம், 60 ஆண்பிள்ளைகளுக்கு ஒன்று என்பது அது வைத்த அளவு. குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் குறைந்தது 30 மீற்றர் இருக்க வேண்டும். வெடிப்புள்ள பாறை, சுண்ணாம்புக்கல் என்றால் அதற்கும் கூட. குடாநாட்டின் அடியில் இருப்பதோ சுண்ணாம்புக்கல்தான். எங்களுக்கு வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழை கல்லின் வெடிப்புகளால் இறங்கித் தேங்குவதை அள்ளிக் குடித்துத் தோட்டமும் செய்கிறோம். மழை இறங்குகிற அதே வெடிப்பால் மலக்குழித் தண்ணீரும் இறங்கும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் கிணறுகள் பல அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டன. தோட்டத்து உரத்தைக் குற்றம் சொல்வோம். அது சரிதான், ஆனால் குழிகளுக்கும் பங்குண்டு.

யாழ்ப்பாணத்துப் பரப்புக் கணக்கில் 30 மீற்றரைப் போட்டுப் பாருங்கள். 16 பரப்பு ஓர் ஏக்கர். நாலு பரப்புக் காணி சரிசதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 32 மீற்றர் அளவுதான் வரும். கிணறு ஒரு கரையில் என்றால் குழி மறுகரையில். வகுப்பறை, விளையாட்டிடம், படலை எல்லாம் நடுவில். அயல் வளவுக் கிணறுகளையும் கணக்கில் எடுத்தால் குழி வெட்ட இடமே இராது. ஆகவே பழைய கிணறு எங்கே என்பது வெறும் வரலாற்று ஆவலல்ல.

காணியைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. 1990 யூனில் சண்டை மறுபடி மூண்டபோது காங்கேசன்துறை, மயிலிட்டி, பலாலி, தையிட்டிச் சனங்கள் கையில் அகப்பட்டதோடு வெளியேறினார்கள். இராணுவத்தின் கையில் இருந்த காணிகளின் விடுவிப்பு 2010க்குப் பிறகு துண்டு துண்டாக வந்தது. இடையில், 2013 ஏப்ரலில், 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப்போவதாக அறிவித்தல் ஒட்டினார்கள். காணிக்காரர் ஆயிரக்கணக்கில் நீதிமன்றம் போனார்கள். 2016 மார்ச்சில் காங்கேசன்துறைப் பக்கம் 700 ஏக்கர் அளவு, 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகம், 2018 ஏப்ரலில் 683 ஏக்கர் என்று விடுவித்தார்கள். போய்ப் பார்த்தவர்களுக்குத் தங்கள் வீட்டு அத்திவாரத்தையே அடையாளம் காண முடியவில்லை. எங்கள் பாடசாலைக் காணியில் நாயுருவியும் உடைந்த சீமெந்துக் கட்டிகளும்தான் கிடந்தன.

யாழ்ப்பாணத்தில் ஆவணம் தேடுகிறவர் முதலில் இல்லாதவற்றின் பட்டியலை அறிந்துகொள்ள வேண்டும். 1981இல் பொது நூலகத்தோடு எரிந்த 97,000 நூல்களும் சுவடிகளும் அதில் முதலாவது. போரில் இடிந்து கூரையில்லாமல் நிற்கும் பழைய கச்சேரி அடுத்தது. எஞ்சியவற்றில் என்னைப் போன்றவர்கள் முதலில் புரட்டுவது பாடசாலை மலர்களை. வெள்ளி விழா, பொன் விழா, நூற்றாண்டு விழா என்று எங்கள் ஆட்கள் மலர் போடாத சாட்டே இல்லை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத் தொகுப்பில் அவை ஏராளமாகச் சேர்ந்திருக்கின்றன. இந்தப் பாடசாலைக்கும் பழைய மலர் ஒன்று கிடைத்தது. தாபகர் படம், அதிபர்கள் வரிசை, மண்டபத்துக்கு ஓடு கொடுத்தவர், வாங்கு செய்து கொடுத்தவர், நாமகள் சிலை வைத்தவர் எல்லாம் இருந்தார்கள். கிணற்றைப் பற்றி அரை வாக்கியம் வந்தது. மலசலகூடம் என்ற சொல்லே இல்லை. அதன் பிறகு வேறு பாடசாலைகளின் மலர்களையும் இதற்கென்றே புரட்டினேன். நூறு வருடக் கதை சொல்லும் மலர்களிலும் பிள்ளைகள் எங்கே 'ஒதுங்கினார்கள்' என்று ஒருவரும் எழுதவில்லை. மலசலகூடத்துக்குப் பெயர் பொறித்த கல் கேட்கும் கொடையாளி அந்தக் காலத்தில் இல்லை. இப்போது இருக்கிறார்கள், கதவு கழன்று விழுந்த பிறகும் கல் நிற்கிறது.

அடுத்த வழி உரிமை. 1960 இறுதியிலும் 1961 தொடக்கத்திலும் வந்த இரண்டு சட்டங்கள் உதவி பெறும் பாடசாலைகளை அரசுக்கு மாற்றின. அதற்கு முன் வடக்கின் பள்ளிகள் மிஷனிடமோ, 1923இல் தொடங்கிய சைவ வித்தியா விருத்திச் சங்கத்திடமோ, ஊர்ப் பெரியவர் ஒருவரிடமோ இருந்தன. மிஷன் பள்ளி என்றால் தேடுவது சுலபம். டானியல் பூர் 1816இல் தெல்லிப்பழைக்கு வந்த நாள் முதல் அமெரிக்க மிஷன்காரர் எழுதித் தள்ளிய கடிதங்கள் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. எங்கள் பாடசாலையோ ஊர் முகாமையாளர் ஒருவருடையது. அவருடைய பேரப்பிள்ளைகள் கடல் கடந்து இருக்கிறார்கள். ஒருவர் பழைய காணி உறுதியைப் படம் பிடித்து அனுப்பினார்.

யாழ்ப்பாணத்து உறுதியைப் படிப்பதற்குப் பொறுமை வேண்டும். காணிக்கு ஒரு பெயர் இருக்கும். பரப்பும் குழியுமாக அளவு வரும். கிழக்கும் வடக்கும் மேற்கும் தெற்கும் யார் யாருடைய காணி என்று எல்லைகள் வரும். நிற்கும் பனை, தென்னையும் சிலவேளை வரும். கடைசியில், வாசிக்கிறவர் அலுத்துப்போன இடத்தில், நொத்தாரிசு கிணற்றைப் பற்றி எழுதியிருப்பார். இங்கும் அப்படித்தான். பாடசாலைக் காணிக்குள் கிணறே இல்லை. தெற்கு எல்லையில், அயல் காணியில் கிடக்கும் கிணற்றில் 'பங்கும் வழிவாய்க்காலும்' மட்டுமே பாடசாலைக்கு உண்டு. மலரில் வந்த அரை வாக்கியம் அந்தப் பங்கைத்தான் கொடையாகச் சொல்லியிருக்கிறது.

பொறியியலாளரின் வரைபடத்தில் மலசலகூடத் தொகுதி தெற்கு மூலையில் இருந்தது. பங்குக் கிணற்றிலிருந்து நாலைந்து பாகம் தள்ளி.

கிணற்றுக்கு விடை கிடைத்தது, பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. ஒரு தாளில் ஒரு தொகை, இன்னொரு தாளில் வேறொன்று. இடம்பெயர்ந்த பாடசாலைகளின் கணக்கு அப்படித்தான் இருக்கும். காணி முள்ளுக்கம்பிக்குள் கிடக்க, பாடசாலை தன் பெயரோடு வேறோர் ஊரில் இயங்கும். கிடுகுக் கொட்டிலிலோ, இன்னொரு பாடசாலையின் மண்டபத்திலோ, மாலை நேரத்திலோ. கட்டிடத்தை எண்ணுகிறவருக்கு அது இல்லாத பாடசாலை; வரவு இடாப்பை எண்ணுகிறவருக்கு உள்ள பாடசாலை.

இடாப்புகளைக் காப்பாற்றியவர் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர். "தம்பி, நாங்கள் கொண்டோடினது ரண்டு சாமான்தான். சேர்விடாப்பு, லொக் புத்தகம். மேசை கதிரை எங்கையும் வாங்கலாம்" என்றார். யாழ்ப்பாணத்தார் பலமுறை ஓடியவர்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோதும் அந்த இரண்டும் அவரோடு நடந்திருக்கின்றன.

லொக் புத்தகம் என்பது அரசு மொழியில் சம்பவத் திரட்டுப் புத்தகம். அதிபர் மாற்றம், கல்விப் பரிசோதகர் வருகை, பால்மா வந்தது, புயலில் கூரை போனது எல்லாம் அதில் ஏறும். மலர்கள் மறைத்த மலசலகூடம் இங்கே வெளிவந்தது. வந்து பார்த்த அதிகாரிகள் அது துப்புரவில்லை என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். துப்புரவாக்குகிறவர் வரவில்லை என்பது அதிபரின் பதில். அந்த மனிதருக்கு ஒரு பக்கத்திலும் பெயர் இல்லை. பரிசோதகருக்குப் பெயர் உண்டு, பட்டம் உண்டு, வந்த நேரம்கூட உண்டு.

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்தின் பழைய வழக்கொன்றை நினைக்காமல் இருக்க முடியாது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சாதி பாராமல் சமமாக வாங்கில் இருக்க வேண்டும் என்று வந்தபோது ஊர்கள் கொந்தளித்தன. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் இந்தச் சமாசனத்தின், அதாவது சம இருக்கையின், பக்கம் நின்றது. எதிர்த்து மனுப்போட்டவர்களும் படித்தவர்கள்தான். வாங்கு சமமான பிறகும் கிணற்றில் அள்ளுகிற உரிமை எல்லா ஊரிலும் சமமாகவில்லை. பங்குக் கிணற்றில் பங்கில்லாத பிள்ளை என்ன செய்தது என்பதற்கு உறுதியிலும் விடையில்லை, லொக் புத்தகத்திலும் இல்லை. ரீச்சரிடம் கேட்டேன். "அந்தப் பிள்ளையள் தண்ணி வீட்டில குடிச்சிட்டு வருவினம்" என்று மட்டும் சொன்னார்.

சேர்விடாப்பில்தான் முடிச்சு அவிழ்ந்தது. சேர்வு எண், பெயர், பிறந்த திகதி, பாதுகாவலர், அவர் தொழில், விலாசம், விலகிய திகதி, காரணம் என்று நிரல்கள். 1990 யூனுக்குப் பிறகு விலகிய காரணம் எழுதும் நிரல் பக்கம் பக்கமாக வெறுமை. நான் பார்த்தது தொழிலையும் விலாசத்தையும். விலாசம் என்ற இடத்தில் சிலருக்குக் காணிப் பெயர் இருந்தது. சிலருக்கு இன்னார் வளவு என்று இருந்தது. அதாவது இன்னொருவருடைய வளவில் குடியிருந்தவர்கள். அவர்களின் தொழில் நிரலில் பெரும்பாலும் கூலி. காணி விடுவிக்கப்பட்டபோது திரும்பி வந்த குடும்பங்களோடு இந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். காணிப் பெயர் உள்ளவர்கள், அல்லது வெளிநாட்டில் இருக்கும் அவர்களின் உறவினர், வந்து வேலி அடைத்திருந்தார்கள். இன்னார் வளவுக்காரர் பலர் திரும்பி வரவில்லை. வளவுக்கு உரியவர் வந்துவிட்டால் அவர்கள் வந்து நிற்க இடம் ஏது?

அவர்கள் எங்கே போனார்கள் என்பதில் மர்மம் இல்லை. மல்லாகம் கோணப்புலம், சுன்னாகம் சபாபதிப்பிள்ளை என்று நலன்புரி முகாம்கள் போர் முடிந்து பல வருடங்கள் கழித்தும் மூடப்படாமல் இருந்ததற்குப் பெரிய காரணமே இதுதான். இராணுவம் காணியை விட்டாலும் விடாவிட்டாலும், காணியே இல்லாதவருக்கு விடுவிப்பு என்று ஒன்று கிடையாது. 2016இல் கீரிமலையில் நல்லிணக்கபுரம் என்று பெயரிட்டு 100 வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். சிலருக்கு விடிந்தது.

வன்னியில் நிலைமை வேறு. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அடைபட்டார்கள். 2012 செப்டெம்பரில் அது மூடப்பட்டபோது கடைசியாக வெளியேறிய கேப்பாப்புலவுக் குடும்பங்களைச் சொந்த ஊருக்கு அல்ல, சீனியாமோட்டைக் காட்டுப் பக்கம் கொண்டுபோய் இறக்கினார்கள். வன்னியில் மண் தாராளம், பிள்ளைகளும் வந்தார்கள். கண்ணிவெடி அகற்றும் வரை குழி வெட்ட முடியவில்லை என்பதுதான் சிக்கல். வலிகாமத்தில் குழி வெட்டலாம். யாருக்காக என்பது கேள்வி.

பொறியியலாளருக்கு நான் ஒரு தொகை எழுதிக் கொடுக்கவில்லை, இரண்டு பட்டியல் கொடுத்தேன். ஒன்று, குடும்பம் ஊர் திரும்பியதால் இந்தக் காணியில் படிக்கப்போகும் பிள்ளைகள். கட்டவேண்டியது அவர்களுக்கு, பின்னால் நீட்டிக்க இடம் விட்டு, வடக்கு எல்லையில், நீர் புகாத தொட்டியோடு. மற்றது, இதே பாடசாலையின் பழைய குடும்பங்களில் முகாமை அண்டிய ஊர்களிலேயே தங்கிவிட்டவர்களின் பிள்ளைகள். அவர்களுக்குரிய மலசலகூடம் அவர்கள் இப்போது நெருக்கியடித்துப் படிக்கிற பாடசாலைகளில் கட்டப்பட வேண்டும். இரண்டாவது பட்டியல் திட்டத்துக்குள் அடங்காது என்றார். மீள்கட்டுமானத்துக்கு வரும் பணம் 'பழைய இடத்தில்' என்று எழுதப்பட்டு வருகிறது. பிள்ளைகள் பழைய இடத்தில் இல்லை என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. 1990க்கு முந்திய தொகையைப் போட்டு வரிசையாகக் கட்டிய மலசலகூடங்கள் சில ஊர்களில் பூட்டுப் போட்டபடி நிற்பதையும், அள்ளித் துடைக்க ஆளில்லாத சிறு பாடசாலைகளில் அவை பாழாவதையும் பார்த்தவர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள். என் பார்வையில் இது பொறியியல் பிழையல்ல, காணிப் பிழை. காணியற்றவருக்குக் காணி கொடுக்காமல் பாடசாலையை மட்டும் திருப்பிக் கொடுத்தால் கட்டிடம் திரும்பும், பாதிப் பிள்ளைகள் திரும்பமாட்டார்கள்.

வாசகரிடம் ஒரு வேண்டுகோள். வலிகாமம் வடக்குப் பாடசாலைகளின் சேர்விடாப்பு, லொக் புத்தகம், பழைய உறுதிப் பிரதி ஏதாவது உங்கள் வீட்டுப் பெட்டகத்திலோ, ஸ்காபரோவில் உள்ள மகளின் அலுமாரியிலோ கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். தெளிவாகப் படம் எடுத்து அந்தந்தப் பாடசாலை அதிபரிடம் கொடுங்கள். படம் எடுக்கும்போது தொழில், விலாச நிரல்கள் விளிம்பில் வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.